ஓட்டுப்பதிவுக்கு ஒரு வருஷம் முன்னாடியே ‘முன்னணி’... அமெரிக்க அதிபர் வேட்பாளர் கருத்துக்கணிப்புகளை நம்பலாமா?

அமெரிக்க அதிபர் தேர்தல் வருவதற்கு 2, 3 வருஷம் இருக்கும்போதே “அடுத்த வேட்பாளர் ரேஸில் இவர்தான் முதலிடம்” என்று கருத்துக்கணிப்புகள் வரத் தொடங்கிவிடும். 2028 தேர்தலுக்கும் இப்போதே அப்படித்தான். ஆனால், இப்படி முதலிடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வேட்பாளர் ஆனார்களா? சிலர் ஆனார்கள். சிலர் ஒரே ஒரு மாநிலத்தில்கூட ஜெயிக்காமல் வீட்டுக்குப் போனார்கள். இந்தக் கணிப்புகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை? முழு விவரம் இதோ.

பிரைமரி தேர்தல் என்றால் என்ன?

இந்தியாவில் ஒரு கட்சியின் வேட்பாளரைக் கட்சித் தலைமைதான் அறிவிக்கும். அமெரிக்காவில் அந்த முடிவை எடுப்பது மக்கள். குடியரசுக் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் தங்கள் அதிபர் வேட்பாளரைத் தேர்வு செய்ய ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியாக ஓட்டெடுப்பு நடத்துகின்றன. அதுதான் பிரைமரி. சில மாநிலங்களில் கட்சி ஆதரவாளர்கள் ஊர் ஊராகக் கூடி முடிவெடுப்பார்கள். அதற்குப் பெயர் காக்கஸ்.

தேர்தல் ஆண்டின் தொடக்கத்தில் அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் போன்ற சின்ன மாநிலங்களில் ஆரம்பித்து, ஜூன் வரை இது நடக்கும். ஓட்டுகளின் அடிப்படையில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ‘பிரதிநிதிகள்’ கிடைப்பார்கள். பெரும்பான்மைப் பிரதிநிதிகளைப் பிடிப்பவரே கட்சியின் வேட்பாளர்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று. நாடு முழுக்க ஒரே நாளில் நடக்கும் பிரைமரி என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆனால், ஆரம்பகாலக் கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலானவை “நாடு முழுக்க இன்று தேர்தல் நடந்தால்?” என்றுதான் கேட்கின்றன. குழப்பம் அங்கேயே ஆரம்பிக்கிறது.

முதலிடத்தில் இருந்தும் தோற்றவர்கள் யார் யார்?

ரூடி ஜூலியானி: 2001 செப்டம்பர் 11 தாக்குதலின்போது நியூயார்க் மேயராக இருந்தவர். நாடே அறிந்த முகம். 2007ஆம் ஆண்டின் பெரும்பகுதி குடியரசுக் கட்சியின் தேசியக் கணிப்புகளில் இவர்தான் நம்பர் ஒன். அந்தத் தைரியத்தில், ஆரம்ப மாநிலங்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் புளோரிடாவை நம்பிக் காத்திருந்தார். 2008 ஜனவரி 29 அன்று புளோரிடாவில் ஓட்டுப்பதிவு நடந்தபோது கிடைத்தது 3ஆவது இடம். மறுநாளே போட்டியிலிருந்து விலகினார். வேட்பாளர் ஆனது ஜான் மெக்கெய்ன்.

ஹிலாரி கிளிண்டன்: அதே 2007இல் ஜனநாயகக் கட்சியின் தேசியக் கணிப்புகளில் பராக் ஒபாமாவைவிட 20 புள்ளிகளுக்கு மேல் முன்னிலையில் இருந்த நேரமும் உண்டு. 2008 ஜனவரி 3 அன்று அயோவாவில் ஒபாமா முதலிடம், ஹிலாரிக்கு 3ஆவது இடம். அதன்பின் 5 மாதம் இழுபறியாகப் போன போட்டியில் கடைசியில் வென்றது ஒபாமா.

எட்வர்ட் கென்னடி: 1979இல் பதவியில் இருந்த அதிபர் ஜிம்மி கார்ட்டரை எதிர்த்து இவர் களமிறங்கப்போகிறார் என்றதும், கணிப்புகள் இவருக்குப் பெரிய முன்னிலை கொடுத்தன. ஆனால், “எதற்காக அதிபராக விரும்புகிறீர்கள்?” என்ற எளிய கேள்விக்கு டிவி பேட்டி ஒன்றில் தெளிவாகப் பதில் சொல்ல முடியாமல் தடுமாறினார். பேட்டி ஒளிபரப்பான 1979 நவம்பர் 4 அன்றுதான் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் பிணைக்கைதிகளாகப் பிடிக்கப்பட்டனர். நெருக்கடி நேரத்தில் அதிபர் பக்கம் மக்கள் சாய்ந்தார்கள். 1980 ஜனவரியில் அயோவாவில் கார்ட்டர் 59 சதவீதம், கென்னடி 31 சதவீதம்.

மரியோ குவோமோ: 1992 தேர்தலுக்கான ஆரம்பக் கணிப்புகளில் ஜனநாயகக் கட்சியின் முன்னணிப் பெயர் நியூயார்க் ஆளுநராக இருந்த இவருடையதுதான். ஆனால், போட்டியிடவே போவதில்லை என்று 1991 டிசம்பரில் அறிவித்தார். அந்த ஆண்டு கணிப்புகளின் அடியில் இருந்த ஆர்கன்சா ஆளுநர் ஒருவர் வேட்பாளராகி, அதிபரும் ஆனார். அவர் பில் கிளிண்டன்.

அப்போ கணிப்புகள் எல்லாமே தப்பா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 1980இல் குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரீகன், 1988இல் ஜார்ஜ் புஷ், 1996இல் பாப் டோல், 2000இல் ஜார்ஜ் டபிள்யூ புஷ், அதே ஆண்டு ஜனநாயகக் கட்சியின் அல் கோர், 2016இல் ஹிலாரி கிளிண்டன்... இவர்கள் எல்லோரும் முந்தைய ஆண்டுக் கணிப்புகளில் முன்னணியில் இருந்து, கடைசியில் வேட்பாளராகவும் ஆனவர்கள்.

2024 தேர்தலும் அப்படித்தான். 2022 நவம்பரில் புளோரிடா ஆளுநராக ரான் டிசான்டிஸ் பெரிய வெற்றி பெற்றபோது, சில கணிப்புகள் அவரை டொனால்ட் டிரம்புக்கு முன்னால் வைத்தன. ஆனால், 2023 மார்ச் இறுதியில் நியூயார்க்கில் டிரம்ப் மீது குற்றச்சாட்டு பதிவான பிறகு, அவரது ஆதரவு குறைவதற்குப் பதில் கூடியது. அந்த ஆண்டு முழுக்க முன்னிலை குறையவே இல்லை. 2024 ஜனவரி 15 அன்று அயோவாவில் டிரம்ப் 51 சதவீதம், டிசான்டிஸ் 21 சதவீதம். 6 நாள் கழித்து டிசான்டிஸ் விலகினார்.

ஜூலியானிக்கும் டிரம்புக்கும் என்ன வித்தியாசம்? முன்னிலையின் அளவும், அது எதன் மேல் நிற்கிறது என்பதும்தான். கட்சி ஓட்டர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே ஒருவரைத் தெரிந்து, சோதித்து, முடிவு செய்துவிட்டார்கள் என்றால் அந்த முன்னிலை கெட்டியானது. 25, 30 சதவீதத்தோடு முதலிடம் என்றால், மீதி 70 பேர் இன்னும் வேறு பக்கம் நிற்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

‘பெயர் தெரியும்’ என்பதே பாதி மார்க்!

ஆரம்பகாலக் கணிப்பு அளப்பது பெரும்பாலும் ஆதரவை அல்ல, அறிமுகத்தை. தேர்தலுக்கு ஒன்றரை வருஷம் முன்னாடி ஒருவருக்கு போன் செய்து 10 பெயர்களைப் படித்துக் காட்டினால், அவருக்கு அதில் 2, 3 பெயர்தான் தெரிந்திருக்கும். தெரிந்த பெயரைச் சொல்லிவிடுவார். முன்னாள் துணை அதிபர், முன்னாள் வேட்பாளர், பிரபலக் குடும்பத்து வாரிசு ஆகியோருக்கு இது இயல்பாகவே கைகொடுக்கும்.

இதற்கு நேரெதிர் உதாரணம் ஜிம்மி கார்ட்டர். 1975இல் ஜார்ஜியாவின் முன்னாள் ஆளுநரான இவரை நாட்டில் பெரும்பாலோருக்குத் தெரியாது. கணிப்புகளில் ஓரிரு சதவீதம்தான். ஆனால், அயோவாவில் ஊர் ஊராகச் சுற்றி 1976இல் மற்ற வேட்பாளர்கள் எல்லோரையும் முந்தினார். அந்த ஒரு ராத்திரியில் அறிமுகம் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் அதிபர் தேர்தலிலும் வென்றார்.

எனவே, 5 சதவீதம் வாங்கும் இரண்டு பேர் ஒன்றல்ல. எல்லோருக்கும் தெரிந்தும் 5 சதவீதம் என்றால் அது சிக்கல். கால்வாசிப் பேருக்கு மட்டும் தெரிந்து 5 சதவீதம் என்றால், வளர இடம் இருக்கிறது.

பிழை வரம்பு: 3 புள்ளி முன்னிலை முன்னிலையே இல்லை

ஆயிரம் பேரிடம் எடுக்கும் கணிப்பில் பிழை வரம்பு சுமார் 3 புள்ளிகள். அந்த ஆயிரம் பேரில் ஒரு கட்சியின் பிரைமரியில் ஓட்டுப்போடுபவர்கள் 400 பேர்தான் இருந்தால், அவர்களுக்கான பிழை வரம்பு சுமார் 5 புள்ளிகள். ஒருவர் 24 சதவீதம், இன்னொருவர் 21 சதவீதம் என்று வந்தால், உண்மையில் முதலாமவர் 19 முதல் 29 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டாமவர் 16 முதல் 26 வரை. யார் முந்துகிறார் என்று அந்த ஒரு கணிப்பை வைத்துச் சொல்லவே முடியாது.

ஓட்டுப்பதிவுக்கு முந்தைய நாள் எடுத்த கணிப்பும் சறுக்கலாம். 2008இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒபாமா வசதியாக வெல்வார் என்றே கடைசிக் கணிப்புகள் காட்டின. ஓட்டு எண்ணியபோது வென்றது ஹிலாரி. ஏன் இப்படி ஆச்சு என்று கண்டுபிடிக்க, அமெரிக்கக் கருத்துக்கணிப்பு ஆய்வாளர் சங்கம் தனிக்குழுவே அமைத்தது.

ஒரு புள்ளி கூடினால் மேடை, குறைந்தால் வெளியே

தப்பாக இருந்தால் போகட்டும், கணிப்புதானே என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் இருக்கிறது. இந்த எண்கள் போட்டியை அளப்பதோடு நிற்பதில்லை, போட்டியையே மாற்றுகின்றன.

2015 ஆகஸ்ட் 6 அன்று நடந்த குடியரசுக் கட்சியின் முதல் டிவி விவாதத்தில், 5 தேசியக் கணிப்புகளின் சராசரியில் முதல் 10 இடம் பிடித்தவர்களுக்கு மட்டுமே பிரதான மேடை. 10ஆவது இடம் ஒஹாயோ ஆளுநர் ஜான் கேசிக்குக் கிடைத்தது. 11ஆவது இடத்தில் டெக்சாஸ் முன்னாள் ஆளுநர் ரிக் பெர்ரி. இருவருக்கும் இடையிலான வித்தியாசம் 2 புள்ளிக்கும் குறைவு. அதாவது பிழை வரம்புக்குள்ளேயே. கேசிக் லட்சக்கணக்கானோர் பார்த்த மேடையில் நின்றார். மறு ஆண்டு நியூ ஹாம்ப்ஷயரில் 2ஆவது இடம் பிடித்தார். மாலையில் நடந்த துணை விவாதத்துக்குத் தள்ளப்பட்ட பெர்ரி, அடுத்த மாதமே போட்டியை விட்டு விலகினார். இதே 2015இல், யார் முந்துகிறார் என்று கேட்கும் பிரைமரி கணிப்புகளை எடுக்கப்போவதில்லை என்று புகழ்பெற்ற கேலப் நிறுவனம் ஒதுங்கிக்கொண்டது.

தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணமும் உண்டு. தாய் ஷியாமளா கோபாலன் வழியில் திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட கமலா ஹாரிஸ், 2019இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் போட்டியில் இறங்கினார். ஜூன் 27 விவாதத்தில் ஜோ பைடனை நேருக்கு நேர் கேள்வி கேட்டதும், ஒரே வாரத்தில் ஒரு கணிப்பில் பைடன் 22, ஹாரிஸ் 20 என்ற அளவுக்கு நெருங்கினார். அடுத்த சில மாதங்களில் எண்கள் சரிந்தன. எண்கள் சரிந்தால் நன்கொடையும் சரியும். பிரசாரத்தைத் தொடரப் பணம் இல்லை என்று சொல்லி, டிசம்பர் 3 அன்று விலகினார். அப்போது எந்த மாநிலத்திலும் ஒரு ஓட்டுகூட விழுந்திருக்கவில்லை.

பணம் இருந்தாலும் போதாது என்பதற்கு ஜெப் புஷ் சாட்சி. 2015இன் முதல் பாதியில் முன்னணியில் இருந்த அவருக்காக ஆதரவு அமைப்பு திரட்டிய தொகை 10 கோடி டாலருக்கும் மேல். 2016 பிப்ரவரியில் சவுத் கரோலினா முடிவு வந்த அன்றே அவரும் விலகினார்.

பைடன் கதை சொல்லும் பாடம் என்ன?

2019 முழுக்கப் பெரும்பாலும் முதலிடத்தில் இருந்த பைடன், 2020இல் அயோவாவில் 4ஆவது, நியூ ஹாம்ப்ஷயரில் 5ஆவது இடத்துக்குப் போனார். “ஆட்டம் முடிஞ்சுது” என்றே பலரும் எழுதினார்கள். ஆனால், அவரது ஆதரவின் அடித்தளம் கறுப்பின ஓட்டர்கள். முதல் இரண்டு மாநிலங்களில் அவர்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. பிப்ரவரி 29 அன்று சவுத் கரோலினாவில் அவர்கள் ஓட்டுப்போட்டதும் பைடன் 48 சதவீதத்தோடு வென்றார். 3 நாள் கழித்து, சூப்பர் டியூஸ்டேயில் 14 மாநிலங்களில் 10 அவர் பக்கம்.

மொத்த சதவீதத்தைவிட, அந்தச் சதவீதம் எந்த மக்களிடமிருந்து, எந்த மாநிலத்திலிருந்து வருகிறது என்பதே முக்கியம் என்பதற்கு இது சரியான உதாரணம். ஜனநாயகக் கட்சியில் 15 சதவீத ஓட்டு வாங்காதவருக்குப் பிரதிநிதிகளே கிடைக்காது என்ற விதியும் இருப்பதால், எல்லா இடத்திலும் 12 சதவீதம் என்பது கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குச் சமம்.

அடுத்த கருத்துக்கணிப்பு செய்தி வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

1. எப்போது எடுத்தது? அயோவாவுக்கு ஒரு வருஷம் முன்னாடி என்றால், அது பெரும்பாலும் பெயர் அறிமுகத்தின் அளவு.

2. யாரிடம் கேட்டது? நாடு முழுக்கவா, ஆரம்ப மாநிலத்திலா? எல்லா மக்களிடமா, பிரைமரியில் ஓட்டுப்போடக்கூடியவர்களிடமா?

3. முன்னிலை எவ்வளவு? பிழை வரம்புக்குள் இருந்தால் அது சமநிலை.

4. “இன்னும் முடிவு செய்யவில்லை”, “மனசு மாறலாம்” என்பவர்கள் எத்தனை பேர்? முன்னிலையைவிட அது பெரிய எண்ணாக இருந்தால் போட்டி இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

5. ஒரே கணிப்பா, பல கணிப்புகளின் சராசரியா? தனி ஒரு கணிப்பு தலைப்புச் செய்தி ஆகலாம். போக்கு தெரிய வேண்டுமானால் சராசரி வேண்டும்.

2028க்கு என்ன நிலவரம்?

அரசியலமைப்பின் 22ஆவது திருத்தப்படி ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்வாக முடியாது என்பதால், இரு கட்சிகளிலும் களம் திறந்திருக்கிறது. 2025இல் வந்த கணிப்புகளில் குடியரசுக் கட்சியில் துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் மிகவும் முன்னணியில் இருந்தார். ஜனநாயகக் கட்சியில் கலிபோர்னியா ஆளுநர் கவின் நியூசம், கமலா ஹாரிஸ், பீட் புட்டிஜெஜ் ஆகியோரின் பெயர்கள் மாறி மாறி மேலே வந்தன. ஒரு பக்கம் ஒருவருக்குப் பெரிய முன்னிலை, இன்னொரு பக்கம் யாருக்கும் பெரும்பான்மை இல்லை.

வரலாற்றின்படி முதல் வகை முன்னிலை நிலைக்க வாய்ப்பு அதிகம், இரண்டாவது வகை கலைய வாய்ப்பு அதிகம். அதே வரலாற்றில்தான் ஓரிரு சதவீதத்தோடு கிளம்பிய ஜிம்மி கார்ட்டரும் இருக்கிறார், புளோரிடாவுக்காகக் காத்திருந்த ஜூலியானியும் இருக்கிறார்.