84 மாத்திரைகளின் கதை

ஹெபடைடிஸ் சி என்ற பெயரை நான் முதலில் கேட்டது 2008-ல், தில்லிக் கிளையில் புதிதாகச் சேர்ந்திருந்தபோது. எங்கள் சீனியர் மேனேஜர் சார் சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய் வயிற்றில் ஒரு ஊசி போட்டுக்கொள்வார். ஞாயிறு முழுக்கக் குளிர்காய்ச்சல். திங்கள் காலை பத்து மணிக்கு ஆள் சீட்டில் இருப்பார்! வாரம் ஒரு பெக்-இன்டர்ஃபெரான் ஊசி, தினமும் ரிபாவிரின் மாத்திரை, மொத்தம் 24 வாரம். அவருடைய பி.எஃப். கடன் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான்தான், அதனால் தொகை இன்னும் ஞாபகம் இருக்கிறது. (சொல்ல மாட்டேன்.) ஆறு மாதம் கழித்து வைரஸ் திரும்ப வந்துவிட்டது.

1990-களில் ஓர் ஆபரேஷனில் ஏற்றிய ரத்தத்தில் வந்திருக்கலாம் என்றார்கள். இந்த வைரஸை அடையாளம் கண்டதே 1989-ல்தான். அதுவரை டாக்டர்கள் இதை 'ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை' என்றுதான் அழைத்தார்கள். நம் நாட்டு ரத்த வங்கிகளில் பரிசோதனை கட்டாயமானது 2001-ல். அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் ஒருமுறை சோதித்துவிடுங்கள். வருஷக்கணக்கில் சத்தமே போடாமல் கல்லீரலைக் கெடுக்கும் நோய் இது.

சரி, கதைக்கு வருவோம். அந்த ஊசி ஏன் அவ்வளவு விலை? ஒரு முக்கியக் காரணம் பேடண்ட். ரோஷ் கம்பெனியின் பெகாசிஸ் ஊசிக்கு 2006-ல் பேடண்ட் கொடுத்தது நம்ம சென்னை அலுவலகம். 2005-ல் சட்டம் மாறியபின் மருந்துக்குக் கிடைத்த முதல் பேடண்ட். மும்பையில் போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்காக இயங்கும் சங்கல்ப் அறக்கட்டளை விடாமல் எதிர்த்து, 2012 நவம்பரில் மேல்முறையீட்டு வாரியத்தில் அதை ரத்து செய்ய வைத்தது. அதற்குள் இன்டர்ஃபெரானுக்கே வயசாகிவிட்டது, அது வேறு விஷயம்.

2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் வந்தது. இன்டர்ஃபெரான் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவிடும், அதனால்தான் அந்தக் காய்ச்சல். சோஃபோஸ்புவிரோ வைரஸ் தன்னை நகல் எடுக்கும் வேலையிலேயே குறுக்கே நிற்கும். (ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் மாட்டிக்கொள்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.) 12 வாரம், 84 மாத்திரை, விலை 84,000 டாலர். அதாவது ஒரு மாத்திரை ஆயிரம் டாலர்! கிலியட் கம்பெனி இந்த மருந்துக்காகவே ஃபார்மாசெட்டை 11 பில்லியன் டாலருக்கு வாங்கியிருந்தது. போட்ட முதலை எடுக்கத்தானே பார்ப்பார்கள்.

இனி மேடை தில்லி. 2014 செப்டம்பரில் கிலியட் ஏழு இந்தியக் கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுத்தது, 91 நாடுகளில் மலிவாக விற்கலாம் என்று. அதே சமயம் இந்திய பேடண்ட் விண்ணப்பம் துவாரகா செக்டார் 14 அலுவலகத்தில் கிடந்தது. எதிர்த்தவர்களில் நாட்கோ கம்பெனியும் உண்டு, எச்.ஐ.வி.யோடு வாழும் தில்லிக்காரர்களின் அமைப்பும் உண்டு. 2015 ஜனவரியில் விண்ணப்பம் நிராகரிப்பு: பழைய மூலக்கூறில் சிறு மாற்றம்தான், கூடுதல் பலன் நிரூபிக்கப்படவில்லை, பிரிவு 3(டி). அந்த மாதக் கடைசியிலேயே தில்லி உயர் நீதிமன்றம் மறுபடி விசாரிக்கச் சொன்னது. 2016 மே மாதம் பேடண்ட் கிடைத்தேவிட்டது.

அப்படியானால் எதிர்ப்பு தோற்றதா? நான் அப்படி நினைக்கவில்லை. 2013-ல் நோவார்டிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 3(டி)-யை உறுதி செய்த பிறகு இந்த பேடண்ட் நிச்சயமில்லாத சொத்து. செக்யூரிட்டி ஆட்டம் காணும் என்று தெரிந்த பார்ட்டி செட்டில்மெண்டுக்குச் சீக்கிரம் வருவான், பேங்கில் தினமும் பார்க்கிறோமே! நாட்கோவும் 2015 மார்ச்சில் லைசென்ஸில் கையெழுத்திட்டது. 28 மாத்திரை 19,900 ரூபாய். லைசென்ஸ் பட்டியலில் இல்லாத ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு நோயாளி அந்த வருடம் சென்னைக்கே வந்து வாங்கிப்போனார்.

2016-ல் பஞ்சாப் அரசு இலவச சிகிச்சை தொடங்கியது. 2018 ஜூலை 28-ல் தேசியத் திட்டம் வந்தது, அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம்.

எங்கள் சார் அதுவரை காத்திருக்கவில்லை. 2016-லேயே சோஃபோஸ்புவிரும் டக்ளடாஸ்விரும் சேர்த்து 12 வாரம் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சல் இல்லை. முடிந்து மூன்று மாதம் கழித்துச் சோதித்ததில் வைரஸும் இல்லை. பில்களை என்னிடம் கொடுத்துக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். பழைய பி.எஃப். கடனுக்கு அவர் கட்டிய வட்டியே அதைவிட அதிகம்.