640 ஏக்கர் கொடுத்தும் தங்காத குடிகள்



640 ஏக்கர் நிலத்தை அரசாங்கம் இனாமாகக் கொடுத்தால் யாராவது வேண்டாம் என்பார்களா? அப்படி வாங்கிய நிலத்தைப் பலபேர் விற்றுவிட்டுப் போன கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் 2ஆம் எண் நெடுஞ்சாலையில் காரில் போனால், அந்தக் கதையை வழிநெடுகப் பார்க்கலாம்.

கிராண்ட் ஐலண்ட் நகரிலிருந்து அலையன்ஸ் வரை 272 மைல். முதலில் இருபுறமும் மக்காச்சோளம். புரோக்கன் போ என்ற ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் காட்சி மாறிவிடும். கண்ணுக்கெட்டின வரைக்கும் புல் போர்த்திய மணற்குன்றுகள்! சுமார் 20,000 சதுர மைல் பரப்பு. பானி, லக்கோட்டா மக்கள் காட்டெருமை வேட்டையாடிய நிலம் இது. 1870களில் எருமைகளும் அழிந்தன. அந்த மக்களும் வெளியேற்றப்பட்டார்கள்.

1862ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் சொந்தம். வந்தவர்களுக்கு வீடு கட்ட மரம் ஏது? புல் வேரோடு மண்ணைக் கட்டிகட்டியாக வெட்டிச் சுவர் எழுப்பினார்கள். அடுப்புக்கு விறகும் கிடையாது. காய்ந்த சாணத்தைத்தான் எரித்தார்கள். நம்ம வறட்டி மாதிரிதான், வேறென்ன! இந்த மண்கட்டி வீடுகளையும் குடும்பங்களையும் சாலமன் புட்சர் என்பவர் 1886 முதல் படம்பிடித்து வைத்தார்.

1888இல் ரயில் அலையன்ஸை எட்டியது. ஆனாலும் மணற்குன்றுப் பகுதியில் குடியேற ஆள் இல்லை. 160 ஏக்கர் போதாது என்று, 1904இல் கின்கெய்டு சட்டம் வந்தது. மோசஸ் கின்கெய்டு என்பவர் அந்தப் பகுதியின் காங்கிரஸ் உறுப்பினர். இப்போது ஆளுக்கு 640 ஏக்கர்! ஜனங்கள் திரண்டு வந்தார்கள். 1907 முதல் கறுப்பின விவசாயிகளும் டிவிட்டி என்ற குடியிருப்பை அமைத்தார்கள்.

வந்தவர்கள் ஏர் பூட்டினார்கள். அங்கேதான் வினை! மேலே இருப்பது மெல்லிய மண். அடியில் வெறும் மணல். அதைப் பிடித்து வைத்திருப்பது புல்லின் வேர்தான். உழுததும் வேர் அறுந்தது, காற்று மணலை அள்ளிக்கொண்டு போனது. குன்றின் மேல் குழி விழுந்தது. ஓரிரு போகம் கண்டதோடு சரி. பலரும் அக்கம்பக்கத்து மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு நிலத்தை விற்றுவிட்டார்கள். 1930களில் டிவிட்டியும் காலியானது.

சாலையில் ஹால்சி ஊருக்குப் பக்கத்தில் ஒரு காடு தெரியும். தானாக வளர்ந்ததல்ல. சார்லஸ் பெஸ்ஸி என்ற தாவரவியல் பேராசிரியர் வற்புறுத்தியதால், 1902இல் அரசு ஒதுக்கிய இடத்தில் கையால் நட்ட மரங்கள். 1965இலும் 2022இலும் அங்கே பெருந்தீ பிடித்தது.

இன்றைக்கு அந்தக் குன்றுகளில் மாடுகள் மேய்கின்றன. காற்றாலைகள் தண்ணீர் இறைக்கின்றன. மணலுக்கு அடியில் நிலத்தடி நீர் நிறைய உண்டுங்க. மழையைச் சிந்தாமல் உள்ளே இறக்குவது அதே மணல்தான். அந்த மணலைக் காப்பது அதே புல்தான்.

சட்டம் போட்டவர்கள் ஏக்கரைக் கூட்டினார்கள்; மண்ணைக் கேட்கவில்லை. தரிசு, மேய்ச்சல் புறம்போக்கு என்று நாம் சும்மா சொல்லும் நிலத்திலும் புல் ஒரு வேலை செய்துகொண்டிருக்கும். ஏர் வைக்கும் முன்னால், அது என்ன வேலை என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள்.