மலையேறிய ஏழு விதைகள்

சென்ற விடுமுறையில் ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்திக்கு மாணவர்களுடன் சென்றிருந்தோம். ஓடைக்கரையில் காபி அருந்தியபடியே அடுத்த பயணம் சிக்மகளூருக்கு என முடிவு செய்தோம். காரணம் இயற்கை எழில் மட்டுமன்று.

15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டுச் சூஃபிகள் இரவு திக்ருக்காக விழித்திருக்கக் காபி அருந்தினர். 1511இல் மக்காவில் அது தடைசெய்யப்பட்டது, தடை நீடிக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில், ஹஜ்ஜிலிருந்து திரும்பிய பாபா புதன் யமனிலிருந்து ஏழு விதைகளை மறைத்துக் கொணர்ந்து சந்திரகிரியில் விதைத்தார் என்பது மரபுச் செய்தி. அம்மலை இன்று அவர் பெயரையே தாங்குகிறது. அங்குள்ள குகைத்தலத்தை முஸ்லிம்களும் இந்துக்களும் நாடி வருகின்றனர்.

வணக்கசாலிகளை விழிக்கச் செய்த பானத்தின் மலைக்குச் சென்று ஃபஜ்ரைத் தவறவிடலாமா? ஆகவே தொழுகை நேரங்களை முதலில் குறித்தே பயணத்தை வகுத்துள்ளோம். அல்லாஹ் உதவி செய்வானாக.