அடிமூடிக்குள் ஒரு தொழிலின் கதை

லேப்டாப் வாங்க வருகிறவர்கள் திரையைப் பார்ப்பார்கள், கீபோர்டைத் தட்டிப் பார்ப்பார்கள். சர்வீஸ்காரன் கவிழ்த்துப் பார்ப்பான். அடியில் எத்தனை மூடி, எத்தனை ஸ்க்ரூ என்பதிலேயே அது எந்தக் காலத்துச் சரக்கு, நமக்கு அதில் என்ன வேலை கிடைக்கும் என்பது தெரிந்துவிடும். சென்னை ரிச்சி தெருவில் இந்தத் தொழிலைப் பார்த்துவரும் எனக்கு, எங்கள் வரலாற்றைச் சொல்ல அந்த அடிப்பக்கமே போதும்.

அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்தால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பின்னிக்கிடக்கும் சந்துகள் எல்லாவற்றையும் சேர்த்தே ஊர் ரிச்சி தெரு என்கிறது. ரேடியோ, டேப்ரெக்கார்டர் பாகங்கள் விற்ற கடைகள் மெல்லக் கம்ப்யூட்டருக்கு மாறிய இடம். 2000களின் தொடக்கத்தில் நான் இங்கே வந்தபோது டெஸ்க்டாப் அசெம்பிள் செய்வதுதான் பெரிய வேலை. லேப்டாப் அதிகாரிகளின் கையில் இருந்த பொருள். கெட்டால் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகும். வாரண்டி முடிந்த பிறகே எங்கள் பக்கம் எட்டிப்பார்க்கும். அதனால் எங்கள் தலைமுறை மெக்கானிக்குகள் தொழில் கற்றதே பழைய மெஷின்களில்தான்.

பழைய மெஷின்கள் கற்றுக்கொடுக்கவும் செய்தன. அடியில் ராமுக்கு ஒரு மூடி, ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு மூடி, தாழ்ப்பாளைத் தள்ளினால் கழன்று வரும் பேட்டரி, ஒரே ஸ்க்ரூவில் நிற்கும் டிவிடி டிரைவ். பல மாடல்களில் பிராசசர்கூட சாக்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கும். டிடிஆர்2 ராமுக்கு 200 பின், டிடிஆர்3-க்கு 204. நடுவே இருக்கும் வெட்டும் இடம் மாறியிருக்கும் என்பதால் தப்பான ராம் ஸ்லாட்டில் இறங்கவே இறங்காது. ஏமாந்த இடம் வோல்டேஜ்தான். 2013 வாக்கில் வந்த பல மாடல்கள் 1.35 வோல்ட் ராமைத்தான் ஏற்கும். 1.5 வோல்ட் ராம் அதே ஸ்லாட்டில் அழகாகப் பொருந்தும். ஆனால் மெஷின் உயிர்பெறாது.

'நோ டிஸ்ப்ளே' என்று வரும் மெஷினுக்கு அன்றைக்கு ஒரு வரிசை இருந்தது. சார்ஜர், பேட்டரி இரண்டையும் எடுத்துவிட்டு பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடிப்போம். ராமைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பப் போடுவோம். பாதி மெஷின்கள் இதற்கே எழுந்துவிடும். எழாவிட்டால் வெளியே ஒரு மானிட்டர் மாட்டிப் பார்ப்போம். அதில் படம் வந்தால், லேப்டாப் திரைமேல் டார்ச் அடித்துப் பார்ப்போம். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பின்விளக்கு போய்விட்டது என்று அர்த்தம். எல்இடி வருவதற்கு முன்னால் அந்த விளக்கு ஒரு மெல்லிய குழல். அதற்கு நூற்றுக்கணக்கான வோல்ட் ஏற்றித் தர இன்வர்ட்டர் என்று ஒரு குட்டி போர்டு. அதை மாற்றினால் வேலை முடிந்தது.

இந்தத் தொழிலை ரிச்சி தெருவுக்கு வெளியே கொண்டுபோனதில் அரசுக்கும் பங்குண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் கையில் லேப்டாப் வந்தது. வீட்டிலேயே முதல் கம்ப்யூட்டர் அதுதான் என்ற குடும்பங்கள் ஏராளம். அதுவரை பாகம் வாங்கச் சென்னை வரை வந்த சிறு ஊர்க்காரர்கள் தங்கள் ஊரிலேயே மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். முதல் கோரிக்கை எப்போதும் ஒன்றுதான்: ராம் ஏற்ற வேண்டும். அதில்தான் சண்டையும் வரும். "என்னண்ணே, நாலு ஜிபிக்குக் காசு வாங்கிட்டு மூணுதான் காட்டுது?" 32-பிட் விண்டோஸின் கணக்கில் மொத்தமே நாலு ஜிபி இடம்தான், அதில் ஒரு பகுதியைக் கிராபிக்ஸ் முதலானவை எடுத்துக்கொள்ளும் என்று விளக்கினால், நான் ஏதோ கமிஷன் அடித்ததுபோலத்தான் பார்ப்பார்கள். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டராக இருந்தால் இன்னும் மோசம். எத்தனை ஏற்றினாலும் 2 ஜிபியைத் தாண்டாது.

இதற்கிடையே இன்னொரு கலையும் வந்து சேர்ந்தது. கிராபிக்ஸ் சிப் செத்து, திரையில் கோடு கோடாக வரும் மெஷின்கள் வரிசை கட்டின. ஹாட் ஏரால் சிப்பைச் சூடுகாட்டினால் பிழைத்துக்கொள்ளும். சில வாரத்தில் திரும்ப வரும். பல சிப்புகளில் கோளாறு போர்டுக்கும் சிப்புக்கும் இடையில் இல்லை, சிப்பின் உள்ளேயே இருந்தது. புதுச் சிப்தான் வழி. அதை மாற்றுவதும் லேசாக இல்லை. 2006 ஜூலை முதல் ஐரோப்பிய விதி ஈயத்துக்குத் தடை போட்டதால் உலகம் முழுக்க ஈயமில்லாச் சால்டர் வந்துவிட்டது. பழைய சால்டர் 183 டிகிரியில் உருகும். புதுசு 217 டிகிரி கேட்டது. அந்தக் கூடுதல் சூட்டில் போர்டு உப்பிப்போகும் பயத்தோடு வேலை செய்யப் பழகினோம். ஸ்க்ரூ டிரைவர் மட்டும் தெரிந்தவர்களும் சிப் மாற்றத் தெரிந்தவர்களும் தனித்தனியாகப் பிரிந்தது அப்போதுதான்.

ராம் ஏற்றுவதைவிடப் பெரிய மாற்றம் எஸ்எஸ்டி. நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால், காபி போட்டு முடிக்கும்வரை ஆன் ஆகிக்கொண்டிருந்த மெஷின் அரை நிமிஷத்தில் தயார். டிவிடி டிரைவைத் தூக்கிவிட்டு, கேடி (caddy) என்ற சட்டத்தில் பழைய ஹார்டு டிஸ்க்கைப் பொருத்தி அங்கே வைத்துவிடுவோம். குறைந்த செலவில் வாடிக்கையாளரை இவ்வளவு சந்தோஷப்படுத்திய வேலை இந்தத் தொழிலில் வேறு கிடையாது.

ஆனால் அந்த மூடிகள் ஒவ்வொன்றாகக் காணாமல்போகத் தொடங்கியிருந்தன. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் காகித உறைக்குள்ளிருந்து உருவிக் காட்டிய மேக்புக் ஏரில் ராம் போர்டோடு சால்டர் ஆகியிருந்தது. 2011-ல் இன்டெல் 'அல்ட்ராபுக்' என்று அதே ஒல்லி உடம்பை மற்றவர்களுக்கும் வழியாக்கியது. இன்டெல்லின் 5-ஆம் தலைமுறையோடு லேப்டாப் பிராசசருக்குச் சாக்கெட் என்பதே போய்விட்டது. ஒல்லியாக்க வேண்டுமானால் ஸ்லாட்டும் தாழ்ப்பாளும் மூடியும் பிடிக்கும் சில மில்லிமீட்டரை மிச்சம் பிடித்தாக வேண்டும். பொறியியலாகப் பார்த்தால் அதில் தப்பில்லை. எங்களுக்கு விளைவு வேறு. முன்பு ராம் பழுதானால் ராம் மாற்றினோம்; இன்று மதர்போர்டையே மேஜைக்கு எடுக்க வேண்டும்.

இப்போது பழசாவதற்குக் கெட்டுப்போகக்கூட வேண்டியதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சத்தைக் கேட்கிறது; இன்டெல்லில் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறைக்கு முந்தியதை ஏற்பதில்லை. ராமும் எஸ்எஸ்டியும் ஏற்றி நான் ஓடவைத்த மெஷின்களில் பல இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கின்றன. லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறேன். விண்டோஸில் ஓடும் டாலி கணக்கு மென்பொருள் இருந்தே ஆக வேண்டிய கணக்கர் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

வருகிறவர்களுக்காக நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: பழசை ஓடவைக்க ஆகும் செலவு புதுசின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் வேண்டாம். ஆனால் இன்றைய மாடல்களில் அந்தக் கணக்கு போடவே இடமில்லை. நாலு வருஷம் ஓட்டிவிட்டு, தேவைப்பட்டால் ராம் ஏற்றலாமா என்று யோசிக்கும் வசதி முன்பு இருந்தது. ராம் சால்டர் ஆகி வரும் மெஷினில் அந்த முடிவைக் கடையில் பணம் கட்டும்போதே எடுத்துவிட வேண்டும். அதனால் என்னிடம் யோசனை கேட்கிறவர்களிடம் கொஞ்சம் கனமான மாடலைப் பாருங்கள், ஒரு ஸ்லாட்டாவது காலியாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள் என்கிறேன். இல்லையென்றால், இன்றைக்குத் தேவைப்படுவதைப்போல இரண்டு மடங்கு ராமுக்கு இப்போதே பணம் கட்டிவிடுங்கள்.