ஊசி சிவப்பைத் தொட்டால்: சத்தத்தை அளந்த கதை

இன்னிக்கு எபிசோடை ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். என்னோட தப்புதான்.

சில வருஷத்துக்கு முன்னாடி, கச்சேரிக்குப் போவதை நிறுத்திவிட்ட ஒரு வயதான தவில் கலைஞரைப் பேட்டி எடுக்கப் போயிருந்தேன். மெல்லிய குரல். ரெக்கார்டர் மீட்டர் பாதிகூட ஏறவில்லை. எனக்கு ஒலிப்பதிவு சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒருத்தர் எப்பவும் சொல்வார்: "லெவலை நல்லா ஏத்தி வை. சிவப்பை லேசா தொட்டாலும் பரவாயில்ல. கம்மியா வச்சாத்தான் இரைச்சல் வரும்." ஏற்றி வைத்தேன். ஒரு மணி நேரப் பேச்சு அருமையாக வந்தது.

கடைசியில் அவர் திடீரென்று எழுந்து, மூலையில் உறை போட்டுக் கிடந்த தவிலை எடுத்தார். விரல்களில் கூடுகூட மாட்டவில்லை. ஒரு கையில் குச்சி, இன்னொரு கை வெறும் விரல். நாலு நிமிஷம் வாசித்தார். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மீட்டரைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்தால், அந்த நாலு நிமிஷ அலைவடிவம் மேலேயும் கீழேயும் கத்தியால் சீவினது போலத் தட்டையாக இருந்தது. ஒவ்வொரு அடியும் தகரம் கிழிகிற சத்தம். மறுபடியும் போய்க் கேட்டேன். "கை வலிக்குது தம்பி. அன்னிக்கு ஏதோ தோணுச்சு, வாசிச்சேன்" என்றார். அவ்வளவுதான்.

அந்த அண்ணன் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது வேறொரு மெஷினுக்கான உண்மை. அது எப்படின்னு புரியணும்னா, 1930களின் அமெரிக்க ரேடியோவுக்குப் போகணும்.

அப்போது நியூயார்க்கில் ஒரு நிகழ்ச்சி நடந்தால், அது தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் மற்ற ஊர் நிலையங்களுக்குப் போகும். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமான மீட்டர். இங்கே "சரியா இருக்கு" என்று அனுப்பினால், அங்கே "அதிகமா இருக்கு" என்பார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க பெல் ஆய்வகமும் என்பிசி, சிபிஎஸ் நிறுவனங்களும் சேர்ந்து ஒரு பொது மீட்டரை உருவாக்கின. 1939இல் பயன்பாட்டுக்கு வந்த அதுதான் வியூ மீட்டர். பழைய டேப் ரெக்கார்டர்களில் ஊசி ஆடுமே, அதே.

அந்த ஊசி வேண்டுமென்றே மெதுவாக நகரும்படி செய்யப்பட்டது. ஒரு சத்தம் வந்தால், அதன் அளவை எட்டவே சுமார் 0.3 விநாடி ஆகும். அதனால் பேச்சும் பாட்டும் சராசரியாக எவ்வளவு இருக்கிறது என்பதை அது ஓரளவு காட்டும். சட்டென்று விழும் ஒரு அடியைக் காட்டாது. அது நகர ஆரம்பிப்பதற்குள் அடி முடிந்திருக்கும்.

அதே காலத்தில் பிபிசி வேறு வழியில் போனது. அவர்களுடைய மீட்டர் ஊசி வேகமாக மேலே தாவும், மெதுவாக இறங்கும். அது காட்டியது உச்சத்தை. அப்போ, ஒரு ஊசி "கேக்குறவருக்கு எவ்வளவு சத்தமா இருக்கும்?" என்ற கேள்விக்கு, இன்னொன்று "கருவி தாங்குமா?" என்ற கேள்விக்கு. இந்த ரெண்டு கேள்வியையும் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் இதுக்கப்புறம் வரும் கதை முழுக்க.

அடுத்து காந்த டேப் வந்தது. டேப்பில் லெவல் குறைந்தால் 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் மேலே வந்துவிடும். கூடினால்? டேப் உடனே உடையாது. மெல்ல மெல்ல நிறையும். சத்தத்தின் கூர்மையான முனைகள் மழுங்கும். ராக் இசைக்காரர்கள் சிலருக்கு அந்த மழுங்கலே பிடித்துப்போனது. அதனால் ஊசி சிவப்பைத் தொட்டாலும் பரவாயில்லை. அண்ணன் சொன்னது இந்த உலகத்தின் பாடம்.

1982இல் சிடி வந்தது. இனி சத்தம் என்பது வெறும் எண்கள். 16 பிட் என்றால் மொத்தம் 65,536 படிகள். கடைசிப் படிக்கு மேலே எண்ணே கிடையாது. அதைத் தாண்டி வரும் எல்லாமே அதே கடைசி எண்ணாகத்தான் எழுதப்படும். என் தவிலுக்கு நடந்தது இதுதான். வியூ மீட்டரில் பூஜ்யம் என்பது எட்ட வேண்டிய இலக்கு. டிஜிட்டல் மீட்டரில் பூஜ்யம் என்பது சுவர். எண் ஒன்றுதான், அர்த்தம் தலைகீழ்.

இந்தச் சுவரை நோக்கி ஒரு பெரிய போட்டியே நடந்தது. ரெண்டு பாட்டை அடுத்தடுத்துக் கேட்டால், கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் "நல்லா இருக்கு" என்று காதுக்குத் தோன்றும். சுவரைத் தாண்ட முடியாது. ஆனால் லிமிட்டர் போட்டு உச்சங்களை அமுக்கிவிட்டு, மீதி எல்லாவற்றையும் மேலே தூக்கலாம். 1990கள் முழுக்க ஆல்பங்கள் இப்படியே தடித்துக்கொண்டு போயின. 2008இல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெட்டிக்' வந்தபோது, அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமில் இதைவிடத் தெளிவாக ஒலிப்பதை ரசிகர்களே கண்டுபிடித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். டிவி விளம்பரங்களும் இதே வித்தையைச் செய்தன. அமெரிக்காவில் அதற்கென்று 2010இல் ஒரு சட்டமே போட்டார்கள்.

தீர்வு எங்கிருந்து வந்தது? காதிலிருந்து. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் ஒரு புது அளவு முறையை வெளியிட்டது. மனிதக் காது எந்த ஒலியை அதிகமாக உணருகிறதோ அதற்கேற்ப எடை போட்டு அளப்பது. அதன் அலகைத்தான் இன்னிக்கு எல்யூஎஃப்எஸ் என்கிறோம். 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் மைனஸ் 23 என்ற இலக்கை வைத்தது. பிறகு ஸ்பாட்டிஃபை மாதிரியான தளங்கள் பாடல்களை மைனஸ் 14 அளவுக்குச் சமன் செய்தன. நீங்க எவ்வளவு சத்தமாகக் கொடுத்தாலும் அவங்க குறைச்சிடுவாங்க. அப்புறம் மிஞ்சுவது நசுங்கல் மட்டும்தான். பாட்காஸ்ட்டுக்கு ஆப்பிள் சொல்வது மைனஸ் 16. இந்த எபிசோடும் அந்த அளவில்தான் உங்களுக்கு வருது. பஸ்ஸில் கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் காது, அடுத்த நிகழ்ச்சிக்கு மாறும்போது அதிராமல் இருக்கத்தான் இது.

கவனிச்சீங்களா, இது கடைசி மிக்ஸுக்கான எண். பதிவு செய்யும்போது கேட்கவேண்டியது அந்த இன்னொரு கேள்வியைத்தான்: தாங்குமா? இப்போது 24 பிட்டில் பதிவு செய்கிறோம். லெவலைக் கீழே வைத்தாலும் டேப் மாதிரி இரைச்சல் வராது. அதனால் என் உச்சம் இப்போது மைனஸ் 12ஐத் தாண்டுவதில்லை. கூடவே இன்னும் தாழ்ந்த லெவலில் இன்னொரு டிராக்கும் ஓடும். யாரைப் பார்க்கப் போனாலும் முதலில் சுற்றிப் பார்ப்பேன், மூலையில் ஏதாவது வாத்தியம் இருக்கிறதா என்று. இருந்தால், "ஐயா, ஒரு தடவை பலமா தட்டிக் காட்டுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் லெவல் வைக்கிறேன்.

அந்த நாலு நிமிஷம் இன்னும் என் ஹார்ட் டிஸ்கில் இருக்கு. வெட்டுப்பட்ட அலையைச் சரிசெய்யும் மென்பொருளிலும் போட்டுப் பார்த்தேன். அது இல்லாததை ஊகித்து நிரப்புகிறது. கேட்க நல்லாத்தான் இருந்தது, ஆனால் அது அவர் அடித்த அடி இல்லை. அதனாலதான் இந்த எபிசோடில் அதை நான் போடவில்லை.