நம் பிள்ளைகள் படித்த வரைபடங்கள்

தாமிரபரணி எங்கே பாய்கிறது என்று ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனைக் கேட்டால், பொதிகை மலையில் பிறந்து, கிழக்கு நோக்கி ஓடி, திருநெல்வேலிச் சீமையைச் செழிக்கச் செய்து மன்னார் வளைகுடாவில் கலக்கிறது என்பான். விடை சரியானது, மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அவன் குழித்துறைப் பாலத்தைக் கடந்து பள்ளிக்கு வருகிறவனாயின், காலையில் அவன் கண்ட ஆற்றுக்கும் தாமிரபரணி என்றுதான் பெயர். கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் கூடி, திருவட்டாறு, குழித்துறை வழியாக வந்து தேங்காய்ப்பட்டணத்தில் அரபிக்கடலைச் சேரும் ஆறு அது. ஒன்று கிழக்கே ஓடுகிறது, மற்றொன்று மேற்கே ஓடுகிறது. புத்தகத்து ஆற்றை அறிந்த பிள்ளை தன் வீட்டருகே ஓடும் ஆற்றை அறியவில்லை.

மழையின் கதையும் இதுவே. தமிழ்நாட்டுக்குப் பெருமளவு மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று என்று பாடம் சொல்கிறது. மாநிலம் முழுவதற்கும் அது மெய்யே. நம் பாட்டிமாரோ இடவப்பாதி என்றும் துலாமழை என்றும் இரண்டு மழைகளைச் சொல்வார்கள். தென்மேற்கும் வடகிழக்கும் நமக்கு வேண்டியவை. மலைச்சரிவில் ரப்பரும் தாழ்விடங்களில் தென்னையும் மரவள்ளியும் செழிப்பதற்கு இந்த இரட்டை மழையே காரணம்.

பாடநூலைக் குறை கூறுவது என் நோக்கமன்று. 38 மாவட்டங்களுக்கும் பொதுவாக எழுதப்படும் நூல் ஒவ்வோர் ஊரின் ஆற்றையும் சொல்லிக்கொண்டிருக்க இயலாது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர் ஆசிரியர். ஆனால் விளவங்கோடு வட்டத்தில் அவருடைய பணி மற்ற இடங்களைவிடச் சற்றுக் கடினமானது. ஏனெனில் இங்கே ‘நம் மாநிலம்’ என்ற சொல்லுக்கே ஒரு வரலாறு உண்டு. நம் பிள்ளைகள் தலைமுறைக்குத் தலைமுறை வெவ்வேறு வரைபடங்களைப் படித்தவர்கள்.

நம் பாட்டன்மார் படித்தது திருவிதாங்கூர் வரைபடம். வடக்கே கொச்சி, கிழக்கே மலைத்தொடர், அதற்கப்பால் பிரிட்டிஷாரின் திருநெல்வேலி, மதுரை ஜில்லாக்கள், மேற்கே கடல், தென்கோடியில் குமரிமுனை. அவர்களுக்கு நாட்டின் மிக உயர்ந்த சிகரம் ஆனைமுடி. மிகப் பெரிய ஆறு பெரியாறு. காவேரி அவர்களுக்கு அயல்நாட்டு ஆறு. நிர்வாகச் சொற்களும் வேறு. தாலுகாவுக்குக் கீழே ‘பகுதி’ என்பது வருவாய்க் கிராமம்; தாலுகாக்களுக்கு மேலே டிவிஷன், அதன் தலைமையில் திவான் பேஷ்கார். கணக்குப் பாடத்தில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். ஆண்டு கொல்லம் ஆண்டு. இன்றும் பழைய வீட்டு ஆதாரங்களைப் பிரித்துப் பார்ப்பவர்கள், அதில் கண்ட ஆண்டோடு 825ஐக் கூட்டித்தான் ஏறக்குறைய நம் ஆண்டைக் கண்டறிய வேண்டியிருக்கிறது.

அந்த நாட்டில் கல்விக்கு நல்ல மரபு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்ற ஆணை 1817ஆம் ஆண்டில் ராணி கௌரி பார்வதிபாயின் ஆட்சியில் வெளிவந்தது. 1888இல் சட்டமன்றக் குழுவும், 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபையும் அமைக்கப்பட்டன. ஆயினும் குடிமகன் என்ற சொல்லுக்கு அங்கே இடம் குறைவு. இருந்தது பிரஜை என்ற சொல். வரி செலுத்துவோரும் பட்டம் பெற்றோரும் வாக்களிக்க, மற்றவர்கள் மனு எழுதினார்கள். வயது வந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் முதல் தேர்தல் நடந்தது 1948இல்தான்.

அந்தத் தேர்தலில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களை வென்றது. 1945 இறுதியில் நாகர்கோவிலில் தொடங்கப்பட்ட இயக்கம் அது. பள்ளியாடியில் 1895இல் பிறந்த வழக்கறிஞர் நேசமணி அதன் தலைவர்களுள் முதன்மையானவரானார். மக்கள் அவரை மார்ஷல் நேசமணி என்று அழைத்தார்கள். அவர்களின் கோரிக்கையை இன்றைய எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரே வாக்கியத்தில் விளக்கலாம்: அலுவலகத்தில் கொடுக்கும் விண்ணப்பமும் பள்ளியில் படிக்கும் பாடமும் எங்கள் மொழியில் இருக்கட்டும். 1949 ஜூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின; தமிழ் பேசுவோர் முன்னைவிடச் சிறிய சிறுபான்மையினராயினர். கோரிக்கை வலுத்தது. 1954 ஆகஸ்டு 11ஆம் நாளை விடுதலை நாளாக அறிவித்து ஊர்வலங்கள் நடந்தபோது, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல் துறையினர் துப்பாக்கியால் சுட்டனர். பலர் மாண்டனர். பட்டம் தாணு பிள்ளையின் அமைச்சரவையைப் பதவி விலகச் சொன்னவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். அவருடைய சொந்தக் கட்சியின் பொதுச்செயலாளரான ராம் மனோகர் லோகியா. மக்களைச் சுடும் அரசு பதவியில் தொடரலாகாது என்பது அவர் நிலைப்பாடு. கட்சிக்குள் அவர் குரல் எடுபடவில்லை. குடிமையியல் பாடத்தில் அமைச்சரவையின் பொறுப்பு என்ற தலைப்பு வரும்போது இதைவிடத் தெளிந்த எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்?

பசல் அலி, குன்சுரு, பணிக்கர் ஆகிய மூவர் அடங்கிய மாநில மறுசீரமைப்புக் குழு 1955 செப்டம்பரில் அறிக்கை தந்தது. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. செங்கோட்டையின் பெரும்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. கேட்டவை எல்லாம் கிடைக்கவில்லை. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. நமக்கு அடுத்த நெய்யாற்றின்கரையும் அவ்வாறே.

பிள்ளைகளுக்கு இங்கே ஒரு கணக்கைக் கொடுத்துப் பார்க்கலாம். குழித்துறையிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 40 கி.மீ. தொலைவு. சென்னை 700 கி.மீக்கும் அப்பால். காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பக்கூடிய தலைநகரை விட்டு, இரண்டு நாள் பயணத்தில் சென்றடையும் தலைநகரை நம் மக்கள் ஏன் வேண்டினார்கள்? வசதி மட்டுமே அளவுகோலாயின் இதற்கு விடை இல்லை. அரசு என்பது தொலைவால் அளக்கப்படுவதன்று, அது பேசும் மொழியாலும் காட்டும் மதிப்பாலும் அளக்கப்படுவது என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். இந்தக் கேள்வியை வகுப்பில் எழுப்பாமல் மாவட்டம் உருவான தேதியை மட்டும் மனப்பாடம் செய்விப்பது, எலும்பைக் கொடுத்துவிட்டு மச்சையை எறிவது போன்றது.

1956 நவம்பரில் பள்ளியில் இருந்த பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ஆனால் ஆனைமுடி போய்த் தொட்டபெட்டா வந்தது. பெரியாறு போய்க் காவேரி வந்தது. சிறு வயதில் அண்ணன்மார் பாடிய வஞ்சி நாட்டு வாழ்த்துப்பாட்டு பழங்கதையானது. 1940இல் விளவங்கோட்டில் பிறந்த ஒருவர், முற்றத்தை விட்டு நகராமலேயே திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி, சென்னை மாநிலம், 1969 பொங்கல் முதல் தமிழ்நாடு என்று நான்கு அரசுகளின் பெயரை முகவரியில் எழுதினார். அவர்களுள் பலர் இன்றும் நம் பங்குகளில் முதியோராக இருக்கின்றனர். எந்த ஆசிரியராவது அவர்களை ஒரு பிற்பகல் வகுப்புக்கு அழைத்தால், வேறு துணைநூல் தேவைப்படாது.

மற்றொன்றையும் சொல்லாமல் விட்டால் நீதியாகாது. எல்லைக்கோடு நகர்ந்தபோது ஒரு பிள்ளையின் கண்ணீர் துடைக்கப்பட்டது. அடுத்த பெஞ்சிலிருந்த பிள்ளை அதே நாளில் சிறுபான்மையானது. விளவங்கோடு வட்டத்தில் மலையாளம் பேசும் குடும்பங்கள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. நம் திருச்சபையிலேயே இலத்தீன், மலங்கரை, மலபார் என மூன்று வழிபாட்டு முறையினர் அருகருகே வாழும் மண் இது. மாநிலங்கள் மாற்றியமைக்கப்பட்ட அதே 1956இல், அரசியலமைப்பின் ஏழாவது திருத்தம் 350அ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்பது அதன் சாரம். எல்லைக்கோட்டோடு கூடவே அதன் மருந்தும் வந்தது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தை எதிர்த்துத் தமிழ்நாட்டின் மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றம் சென்றபோது, நம்முள் சிலர் சினந்தார்கள். தமிழ் எல்லோரும் கற்கத்தக்கது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நேசமணி கேட்டதைத்தான் அவர்களும் கேட்டார்கள் என்பதை மறந்துவிட்டுச் சினப்பதற்கு நமக்கு உரிமை குறைவு.

குருவானவர் ஒருவர் பூகோளத்தையும் அரசியலையும் ஏன் பேச வேண்டும் எனச் சிலர் நினைக்கலாம். புனித லூக்காவை நோக்கி அக்கேள்வியைத் திருப்புகிறேன். திருமுழுக்கு யோவானின் பணியைத் தொடங்கும் முன் அவர் ஒரு நிர்வாகப் பட்டியலையே தருகிறார்: சீசர் திபேரியுவின் பதினைந்தாம் ஆட்சியாண்டு, யூதேயாவுக்குப் பிலாத்து, கலிலேயாவுக்கு ஏரோது, இத்துரேயாவுக்கும் திரக்கோனித்துக்கும் பிலிப்பு, அபிலேனுக்கு லிசானியா. இது அலங்காரமன்று என்பது இருபதாம் அதிகாரங்களைத் தாண்டும்போது விளங்குகிறது. இயேசு கலிலேயர் என்று கேட்டதும், இவர் ஏரோதின் எல்லைக்கு உட்பட்டவர் என்று பிலாத்து அவரை அனுப்பிவிடுகிறான். எல்லையைக் காட்டிப் பொறுப்பைக் கைமாற்றும் வழக்கம் பழமையானது.

அந்த வழக்கத்தை நாமும் கண்டோம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய கடற்கரை ஊர்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. திருச்சபை அளவிலோ திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. அவர்களுள் பலர் ஆழ்கடலுக்குப் படகேறுவது கொச்சியிலிருந்து. 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் வீசியபோது, கேரளத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட தமிழ்நாட்டு மீனவனை மத்திய அரசின் கப்பற்படை தேட வேண்டும். யார் யாரிடம் கேட்பது? காணாமற்போனோரின் பெயர்களைப் பங்குத்தந்தையரும் ஊர்மக்களும் வீடு வீடாகச் சென்று தொகுத்தார்கள். அரசுகளின் எண்ணிக்கையோ நாளுக்கொன்றாக மாறியது. டிசம்பர் 7ஆம் நாள் ஆயிரக்கணக்கான கடற்கரை மக்கள், பெண்களும் பிள்ளைகளுமாக, நம் குழித்துறை ரயில் நிலையத்துக்கு நடந்து வந்து தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். மாவட்ட ஆட்சியர் யார், முதலமைச்சரின் அதிகாரம் எதுவரை, கடலோரக் காவற்படை எவர் கீழ் இருக்கிறது என்பவை அன்று தேர்வுக் கேள்விகள் அல்ல.

அந்த ரயில் நிலையமே ஒரு பாடம். 1979இல் திறக்கப்பட்ட அப்பாதை தமிழ்நாட்டு மண்ணில் ஓடுகிறது. ஆனால் குழித்துறை நிலையம் திருவனந்தபுரம் ரயில்வே கோட்டத்தில் அடங்கும். பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் நிற்கிறது. பராமரிப்பது கேரள அரசு. நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சுவாமி ஊர்வலம் முதல் இரவைக் குழித்துறையில் கழிக்கிறது. இரு மாநிலக் காவலரும் உடன் நடக்கிறார்கள். நகராட்சி, வட்டாட்சியர் அலுவலகம், நீதிமன்றம் யாவும் ஒரு நடைத் தொலைவில் இருக்கின்றன. மாநிலத்தின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் 233ஆம் எண் விளவங்கோடு, கடைசி எண் கிள்ளியூர். சென்னையிலிருந்து எண்ணினால் நாம் கடைசி. மேற்கிலிருந்து வருபவர்க்கு நாமே வாசல்.

இன்னும் ஓர் இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். அது நெய்யாறு இடதுகரைக் கால்வாய். அணை 1956இல் கேரளத்தில் நின்றுபோன நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் இருக்கிறது. பாசனம் பெற வேண்டிய நிலமோ விளவங்கோடு வட்டத்தில், 9,200 ஏக்கர். 2004ஆம் ஆண்டில் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. 2012இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. மலையும் மழையும் ஆறும் முதல் பாடவேளையில். மாநிலங்களின் அதிகாரமும் உச்ச நீதிமன்றமும் இரண்டாம் பாடவேளையில். இரண்டையும் கால்வாயின் கரையில் நின்றே நடத்திவிடலாம்.