கரம்பொன் கல்லும் மாத்தளைச் சலவைக்கல்லும்

யாழ்ப்பாணத்துத் தீவுக் கிராமமான கரம்பொன்னில் கிணறு வெட்டுவோர் மேல்மண்ணைத் தாண்டியதும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லைத் தொடுகின்றனர். யாழ் குடாநாடும் தீவுப்பகுதியும் அதன்மேல்தான் அமர்ந்துள்ளன. ஆழமற்ற கடலில் படிந்த அந்தக் கல்லில் சிப்பிகளின் அச்சு இன்னும் அழியவில்லை. மலைநாட்டு மாத்தளையில் உடைத்தெடுக்கப்படும் சலவைக்கல்லும் ஒருகாலத்தில் கடலடிச் சேறுதான். ஆனால் அதில் சிப்பியின் சுவடே இல்லை; பளபளக்கும் படிகமணிகள் மட்டுமே உள்ளன.

இந்த வேறுபாட்டுக்கு 'வெப்பமும் அழுத்தமும்' காரணம் எனப் பாடநூல்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன. அது போதாது. சுண்ணாம்புக்கல்லைப் பொறுத்தவரை வெப்பம் செய்ய முயலும் அழிவை அழுத்தம் தடுக்கிறது. அந்தத் தடையினால்தான் சலவைக்கல் பிறக்கிறது.

இதற்குச் சுண்ணாம்புச் சூளையே சான்று. முருகைக்கல்லைச் சூளையிலிட்டு ஏறத்தாழ 900 பாகை செல்சியசுக்குச் சூடேற்றினால் காபனீரொட்சைட்டு வெளியேறிவிடும். சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். இலங்கையின் மலைநாட்டுப் பாறைகளும் 800 பாகையைத் தாண்டியவை. கண்டிப் பக்கத்துப் பாறைகள் சில 900 பாகைக்கும் மேல் வெந்திருக்கின்றன. அப்படியானால் மாத்தளைக் கல் ஏன் நீறாகவில்லை?

பூமியின் உள்வெப்பமே பாறைகளை இறுக்கியது என்ற புவியியலாளர் ஜேம்ஸ் ஹட்டனின் கொள்கையை எதிர்த்தவர்கள் எழுப்பிய கேள்வியும் இதுவே. பூமியின் உள்வெப்பம் பட்டிருந்தால் கல்லிலிருந்த வாயு போயிருக்குமே என்றனர். ஹட்டன் 1797இல் மறைந்த பின், அவருடைய நண்பர் சர் ஜேம்ஸ் ஹால் சுண்ணாம்புக்கல் தூளைத் துப்பாக்கிக் குழாய்களில் அடைத்து, இறுக மூடி, உலையில் வைத்தார். குழாய்கள் பல வெடித்தன. தாக்குப்பிடித்த சிலவற்றுள் வாயு அடைபட்டு, தூள் சலவைக்கல்லை ஒத்த கெட்டிக் கல்லாகியிருந்தது. 1805இல் எடின்பரோ ரோயல் சங்கத்தில் அவர் அதை அறிவித்தார்.

மாத்தளையில் குழாயின் வேலையைச் செய்தது 25 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பாறைச்சுமை. 600 முதல் 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானாக் கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, அந்தச் சேறு அவ்வளவு ஆழத்துக்குப் புதைந்தது. அங்கு நிலவிய அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் பல்லாயிரம் மடங்கு. வாயு அகல வழியில்லை, கல் உருகவுமில்லை. திண்மநிலையிலேயே சிறுமணிகள் கரைந்து பெருமணிகளோடு சேர்ந்தன. மணல் கலந்திருந்த இடங்களில் மட்டும் மணலின் சிலிக்கா, கல்லிலிருந்த டொலமைற்றுக் கனிமத்தோடு வினைபுரிந்து, ஓரளவு வாயுவை வெளியேற்றி, டயொப்சைட்டு போன்ற புதுக்கனிமங்களை உண்டாக்கியது.

சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாவதற்குப் பழமையே காரணம் என்பாரும் உண்டு. ஆனால் ஆந்திரத்துக் கடப்பைக் கல் 540 மில்லியன் ஆண்டுகளுக்கும் மூத்தது. போதிய ஆழத்துக்குப் புதையாததால் இன்றும் சுண்ணாம்புக்கல்லாகவே இருக்கிறது.

கரம்பொன் கல்லும் அப்படிப் புதைந்ததில்லை. அதனால்தான் அதன் துளைகளும் வெடிப்புகளும் மூடாமல் இருக்கின்றன. மாரிமழை அவற்றில் இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீர் வில்லையாக மிதக்கிறது. அளவுமீறி இறைக்கும்போது உவர் மேலேறுவதும் அதே துளைகள் வழியேதான்.